ஸ்பாரிங்குக்கு முன்னால் நிலை: டெல்டா பக்கம் குங்ஃபூ தொடங்குகிறவர்களுக்கு

குங்ஃபூ வகுப்பில் சேர்ந்து மூன்று நான்கு மாதம் போனதும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: மாஸ்டர் எப்போது ஸ்பாரிங், அதாவது ஜோடியாக எதிரெதிரே நின்று மோதிப் பழகுவதை, விடுவார்? அதுவரை தொடை நடுங்க ஹார்ஸ் ஸ்டான்ஸில், குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டி முட்டி மடக்கி, நின்றது, காற்றில் ஒரே குத்தைத் திரும்பத் திரும்பக் குத்தியது, ஃபார்ம் என்று சொல்லி, வரிசை மாறாத அசைவுகளைச் செய்தபடி மைதானத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது எல்லாம் ஏதோ சடங்கு, அசல் விஷயம் இனிமேல்தான் என்று தோன்றும். அப்புறம் அந்த நாள் வரும். எதிரில் நிற்பவர் முதல் குத்தை விட்டதுமே படித்ததெல்லாம் பறந்துபோய், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை வீசுவோம். அந்த நேரத்தில் நம்மைப் பார்ப்பவருக்கு, பேருந்து நிலையத்தில் சீட்டுக்காகக் கைகலந்தவருக்கும் நமக்கும் வித்தியாசமே தெரியாது.

பயம் ஒரு காரணம், சரி. அதைவிடப் பெரிய காரணம், நிலை பழகுவது ஒரு பாடம், சண்டை பழகுவது வேறொரு பாடம் என்று மனதில் பிரித்து வைத்திருப்பது. நிலை என்று நான் சொல்வது பாதம், முட்டி, இடுப்பு, முதுகு, தோள், கை, தாடை எல்லாம் அந்தந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்பதை. அது கலையாமல் எந்த வேகத்தில் ஆட முடிகிறதோ அதுதான் இன்றைக்கு உங்கள் ஸ்பாரிங் வேகம். அதற்கு மேலே போனால் கலையும், கலைந்தால் நிறுத்தி வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒன்றை எப்படிச் செய்வது என்பதுதான்.

வகுப்பும் சாமானும்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். குறிப்பாக ஸ்பாரிங் நடக்கும் நேரத்தில் மாஸ்டர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டு பேரை மோதவிட்டுத் தூரத்தில் நின்று ஃபோன் பார்க்கிறாரா, கிட்ட நின்று பாதியில் நிறுத்தி, "முட்டி உள்ளே போகுது பாரு" என்று காலைத் திருத்துகிறாரா? 40 கிலோ பையனையும் 70 கிலோ ஆளையும் ஜோடி சேர்க்கிறாரா? அடி வாங்கினவர் அழுதால் சிரிக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் போதும், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்குகிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. போதிதருமர் காஞ்சிபுரத்திலிருந்து போய் ஷாவோலினுக்குக் கற்றுக்கொடுத்தார், ஆகவே இது நம்ம கலை என்று முதல் நாளே ஒரு சொற்பொழிவு இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். அவரைச் சண்டைக் கலையோடு இணைக்கும் கதை சீனாவிலேயே பல நூற்றாண்டு கழித்து, 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்தில் வருகிறது. அது உண்மையோ பொய்யோ, உங்கள் தாடையை அது காப்பாற்றாது.

வாங்க வேண்டியவை: கையில் சுற்றும் துணி, 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ், மவுத் கார்ட், ஷின் கார்ட், ஆண்களுக்கு அடிவயிற்றுக் கார்ட், பெண்களுக்கு மார்புக் கார்ட். பை குத்துவதற்கென்று விற்கும் மெல்லிய கிளவுஸில் ஸ்பாரிங் போகாதீர்கள், எதிரே இருப்பவர் முகம்தான் அதற்கு விலை கொடுக்கும். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் மவுத் கார்ட் வாங்கி, உங்கள் பல்லுக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். பொருந்தாததைப் போட்டுக்கொண்டு நின்றால் அது கீழே விழாமலிருக்க வாயைத் திறந்து திறந்து மூடுவீர்கள், வாய் திறந்திருக்கும்போது தாடையில் அடி பட்டால் சேதம் அதிகம். ஹெட் கார்ட் போட்டால் முகத்தில் கிழிபடுவதும் வீங்குவதும் குறையும், ஆனால் மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுத்துவிடும் என்று நம்பவே கூடாது.

நம்மூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்கு மேல் மொட்டை மாடியில் கார்டெல்லாம் கட்டிக்கொண்டு ஸ்பாரிங் போடுவது வீரம் ஆகாது. தலை சுற்றினால் முதலில் கை இறங்கும், அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நிற்பது

வலது கைப் பழக்கம் உள்ளவர் இடது காலை முன்னால் வைத்துத் தொடங்குங்கள். இரண்டு பாதத்துக்கும் இடையே தோள் அகலத்தைவிடச் சற்று அதிகம். பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னும் பின்னுமாகத் தெரிய வேண்டும், ஆனால் நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது முன்பாதம் பின்பாதத்தை மறைக்கக் கூடாது. இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் விலாவில் ஒரு விரலால் தள்ளினாலே சாய்வீர்கள். முன்பாதம் எதிராளியை நோக்கி லேசாக உள்பக்கம் திரும்பியிருக்கும். பின்பாதம் ஏறத்தாழ 45 டிகிரி வெளியே, குதிகால் கொஞ்சமே எழும்பி. முட்டிகள் மடங்கியிருக்க வேண்டும், ஒவ்வொரு முட்டியும் அந்தக் காலின் விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். எடை பாதிப் பாதி. முதுகு நேராக, தோள்கள் இறங்கி, தாடை கழுத்துப் பக்கம் அடங்கி. முன்கை கன்ன உயரத்தில், பின்கை தாடையோரம், முழங்கைகள் விலாவை மூடியபடி.

இப்போது நண்பர் ஒருவரை விட்டு முன்னாலிருந்து, பக்கவாட்டில், பின்னாலிருந்து என்று தோளில் தள்ளச் சொல்லுங்கள். இடித்துத் தள்ள வேண்டாம், மெதுவாக எடை கொடுத்தால் போதும். எந்தப் பக்கம் தள்ளும்போது கால் பெயர்கிறதோ அங்கே ஏதோ தப்பு. பெரும்பாலும் முட்டி விறைத்திருக்கும், இல்லாவிட்டால் பின்கால் முன்காலுக்கு நேர் பின்னால் போயிருக்கும்.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். மூன்று மாதம் தொடை தரைக்கு இணையாக வரும்வரை ஹார்ஸ் ஸ்டான்ஸில், அதாவது மாபுவில், நிற்க வைத்தார்களே, ஸ்பாரிங்கில் ஒருவரும் அப்படி நிற்பதில்லையே, அப்போது அது வீணா? வீணில்லை. அவ்வளவு தாழ்ந்து நின்றால் நகர முடியாது என்பது உண்மைதான், அந்த ஆழத்தில் நின்று யாரும் சண்டை போடப் போவதில்லை. ஆனால் தாழ்ந்து நிற்கும்போது முட்டி உள்ளே விழாமல் பார்த்துக்கொள்வதும், இடுப்பை இறக்கி முதுகை நிமிர்த்துவதும், தோளைத் தளர்த்தி மூச்சை ஓட விடுவதும் உடம்புக்கு ஒரு கெட்ட நிலைமையில் பழகிவிடுகின்றன. ஸ்பாரிங் நிலை அதைவிட உயரமானது, எளிதானது, அங்கே அதே மூன்றும் தானாக வர வேண்டும். ஹார்ஸ் ஸ்டான்ஸிலிருந்து, முன்முட்டி மடங்கிப் பின்கால் நீண்டிருக்கும் போ ஸ்டான்ஸுக்கு மாறும்போது பின்கால் தரையைத் தள்ளி, இடுப்பு திரும்பி, எடை முன்முட்டிக்கு வருகிறதல்லவா? பின்கைக் குத்துக்கு உரம் வருவது அந்தத் திருப்பத்திலிருந்துதான். கேட் ஸ்டான்ஸில் முன்காலில் எடை இல்லாமல் நிற்கப் பழகுவது, முன்காலால் சட்டென்று உதைக்கும்போது கை கொடுக்கும். ஆக ஒவ்வொரு நிலையையும், இது எங்கே தொடங்கி எங்கே முடிகிற அசைவு என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டே பழகுங்கள். பதில் சொல்லத் தெரியாத மாஸ்டர் என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

இந்தச் சந்தேகம் இன்று வந்ததில்லை. சீனாவில் மிங் அரசர் காலத்துத் தளபதி சீ ஜிகுவாங் 16ஆம் நூற்றாண்டிலேயே, பார்க்க மட்டும் அழகாக இருக்கும் பகட்டு அசைவுகள் போர்க்களத்துக்கு உதவாது என்று எழுதியவர். அதே மனிதர்தான் சிப்பாய்களுக்குக் கை, கால், உடம்பு பழகட்டும் என்று வெறுங்கைப் பயிற்சி நிலைகளையும் தொகுத்து வைத்தார்.

நகர்வது, அதுவும் எந்தத் தரையில் என்பது

விதி எளிது. முன்னே போகும்போது முன்கால் முதலில் நகரும், பின்கால் அதே அளவு இழுபடும். பின்னே போகும்போது பின்கால் முதலில். இடது பக்கம் என்றால் இடது கால் முதலில், வலது பக்கம் என்றால் வலது கால். கால்கள் குறுக்கே வரக் கூடாது, ஒட்டவும் கூடாது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பாத இடைவெளி தொடங்கிய அளவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பிலோ சாக்பீஸிலோ தரையில் இரண்டு பாதத்தையும் வரைந்துவிட்டு, நாலு திசையும் ஒவ்வொரு அடி போய்த் திரும்பி அதே வரைவில் வந்து நிற்கப் பாருங்கள். முதல் நாள் ஒரு சாண் தள்ளித்தான் நிற்பீர்கள்.

ஸ்பாரிங்கில் கை தவறுவதைவிடக் கால் தவறுவதுதான் அதிகம். குத்து எட்டவில்லை என்றால் ஒரு அடி எடுத்து வைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து கையை நீட்டுவோம், மூக்கு முன்முட்டியைத் தாண்டிப் போகும், பின்கால் தரையைவிட்டு எழும்பும். அந்த நிலையில் எதிராளி சும்மா ஒரு அடி பின்னால் வைத்தாலே போதும், நாமே போய் விழுவோம்.

தரை விஷயத்தில் நம் பக்கத்துக்கென்று சில பிரச்சினை உண்டு. கோடையில் காவிரியும் வெண்ணாறும் கொள்ளிடமும் மணலாகக் கிடக்கும்போது சாயங்காலம் ஆற்றில் இறங்கிப் பயிற்சி செய்வது பல ஊர்களில் வழக்கம். ஓடுவதற்கும், ஸ்டான்ஸில் நிற்பதற்கும், விழப் பழகுவதற்கும் மணல் அருமை. ஆனால் உதைப் பயிற்சியையும் ஸ்பாரிங்கையும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். உதைக்கும்போது நிற்கிற கால் திரும்பியாக வேண்டும், மணலில் பாதம் புதைந்து பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், இடையில் மாட்டுவது முட்டி. முட்டிக்குள் இருக்கும் தசைநார் கிழிந்தால் அந்த வருஷப் பயிற்சியை மறந்துவிடலாம். மழைக்குப் பிறகு களிமண் மைதானம் இதற்கு நேர்மாறு, காலை வைத்த இடத்தில் நிற்காது. சிமெண்டுத் தளத்தில் பாதம் திரும்பும், ஆனால் விழுந்தால் மண்டை. பாய் விரித்த கூடம் கிடைத்தால் அதுதான் ஸ்பாரிங்குக்கு நல்லது. மண்டபத்து டைல்ஸில் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பேசாமல் ஐஸில் ஆடலாம்.

ஆற்றுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மணல் அள்ளிய பள்ளங்களும் உடைந்த பாட்டில்களும் இருக்கும், வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, சில வருஷம் முன்னே பின்னே போகும். திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தாலே ஆற்றுப் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள்.

குத்து

முஷ்டியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வெளியே, மடங்கிய விரல்களின் மேல். உள்ளே வைத்துக் குத்தினால் அது முறியும். மணிக்கட்டு நேர்கோட்டில், மேலும் வளையாமல் கீழும் வளையாமல். பெரும்பாலான பள்ளிகளில் ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் முட்டிகள்தான் முதலில் பட வேண்டும் என்பார்கள். விங் சுன் பள்ளிகளில் கீழ் மூன்று முட்டிகளால், முஷ்டியை நட்டுக்குத்தாக வைத்துக் குத்துவார்கள், அதற்கேற்றபடி முழங்கையும் மையக்கோட்டில் வரும். எதுவானாலும் ஒன்றைப் பழகுங்கள். இரண்டையும் கலந்து வீசிக் குத்துகிறவர்களுக்குத்தான் சுண்டுவிரலுக்கு நேர் கீழே, புறங்கையில் எலும்பு முறிகிறது. குத்துச்சண்டை உலகத்தில் அந்த முறிவுக்கென்றே பெயர் உண்டு, அவ்வளவு சகஜம்.

ஃபார்ம் செய்யும்போது குத்தாத கையை இடுப்புக்கு இழுத்து வைக்கிறோம். ஸ்பாரிங்கில் அப்படி வைத்தால் முகம் திறந்த வீடு. அந்தக் கை ஏன் இடுப்புக்குப் போகிறது என்பதற்குப் பல மாஸ்டர்கள் சொல்லும் விளக்கம், அது எதிராளியின் கையைப் பிடித்து இழுக்கிற கை என்பது. கிளவுஸ் போட்ட கையால் எதையும் பிடிக்க முடியாது, ஆகவே ஸ்பாரிங்கில் கை தாடைக்குத்தான் திரும்ப வேண்டும். மற்றதெல்லாம் அதேதான்: பின்பாதம் தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தாடையை மறைத்தபடி போகிறது, கை கடைசியில் போகிறது, போன வழியிலேயே திரும்புகிறது. திரும்புகிற கை கீழே வளைந்து தொங்கி வந்தால் அந்தக் குத்து எவ்வளவு பலமாக இருந்தாலும் கணக்கில் வராது, ஏனென்றால் அந்த அரை நொடியில்தான் பதிலடி வரும்.

ஒரு குத்து சரியாக இருந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. குத்தி முடித்த இடத்திலேயே உறைந்து நில்லுங்கள். அங்கிருந்து காலை மாற்றி வைக்காமல் இன்னொரு குத்தோ, ஒரு உதையோ, ஒரு தடுப்போ உடனே செய்ய முடிகிறதா? முடிந்தால் நிலை இருக்கிறது. ஒரு தள்ளாட்டத்துக்குப் பிறகுதான் முடிகிறது என்றால் இல்லை.

உதை

முட்டி முதலில் எழும்ப வேண்டும், பிறகு கால் நீள வேண்டும், பிறகு முட்டி மடங்க வேண்டும், பிறகுதான் பாதம் தரைக்கு. நாலும் தனித்தனியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகச் செய்யுங்கள். மெதுவாகச் செய்ய முடியாத உதையை வேகமாகச் செய்யும்போது கால் போகிற இடத்தை விதிதான் முடிவு செய்கிறது. ரவுண்ட் கிக்கில், அதாவது காலைப் பக்கவாட்டிலிருந்து சுழற்றி உதைக்கும்போது, நிற்கிற பாதத்தின் குதிகால் எதிராளி பக்கம் திரும்பியே ஆக வேண்டும், படுவது முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்பு, பாதத்தின் விரல்கள் கிடையாது. சைட் கிக்கில் குதிகால். நேர் உதையில் விரல்களை மேலே மடக்கி உள்ளங்காலின் முன்மேடு அல்லது குதிகால்.

உதைக்கும்போது இரண்டு கையும் கீழே போய் வால் மாதிரி ஆடுவது எல்லோருக்கும் வருகிற வியாதி. கையைத் தாடையிலேயே வைத்து உதைத்தால் முதலில் தடுமாறுவீர்கள், உயரமும் வராது. வராவிட்டால் போகட்டும். தொடை உயரத்துக்குச் சுத்தமாகப் போகிற உதை போதும். தலை உயரத்துக்கு உதைக்க ஆசைப்படுகிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: குங்ஃபூக்காரர்கள் போகும் முழுத் தொடர்புச் சண்டையான சாண்டா போட்டியில் காலைப் பிடித்துக் கவிழ்ப்பது அனுமதிக்கப்பட்ட உத்தி. மடக்கி இழுக்காமல் அப்படியே விட்ட கால், கையில் கொடுத்த கைப்பிடி.

விழுவது

இதைப் பழகாமல் ஸ்பாரிங் போகாதீர்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளுங்கள், அப்போதுதான் பின்மண்டை தரையில் படாது. முதுகை வளைத்து உருளுங்கள். கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கையும் முன்கையும் சேர்த்துத் தரையில் அறையுங்கள். பின்னால் கையை நீட்டி ஊன்றவே கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு. முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்து, அப்புறம் குந்தியபடி, அப்புறம் நின்று. இதற்குத்தான் ஆற்று மணல்.

ஜோடியாகத் தொடங்குவது

இனி ஒரு ஆளோடு. இந்தப் படிகளைத் தாவாதீர்கள், ஒவ்வொன்றிலும் நிலை நிற்கும்வரை அங்கேயே இருங்கள்.

முதல் படியில் தொடுதலே கிடையாது. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒருவர் நகர, மற்றவர் அதே தூரத்தைக் காப்பாற்றியபடி நகர வேண்டும். சாதாரணமாகத் தெரியும், இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

அடுத்து, ஒரே குத்து, ஒரே தடுப்பு. என்ன குத்து வரப்போகிறது, எந்தக் கையால், எந்த இடத்துக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் கண் மூடும். கண் மூடாமல் வரும்வரை வேகம் கூட்டாதீர்கள். எதிராளியின் கையைப் பார்க்காமல் மேல் மார்பைப் பாருங்கள், கையும் காலும் கிளம்புவதற்கு முன் தோளும் நெஞ்சும் அசையும்.

மூன்றாவதில், ஒருவருக்கு முன்கைக் குத்து மட்டும், எப்போது வேண்டுமானாலும். மற்றவர் தடுக்கலாம், விலகலாம், அடிக்கக் கூடாது. இரண்டு நிமிடம் ஆனதும் மாறிக்கொள்ளுங்கள். நாலாவதில் இருவருக்கும் முன்கை. அப்புறம் பின்கை சேரும். அப்புறம் தொடைக்கு ஒரு உதை. கடைசியாகத்தான் எல்லாம் கலந்த ஸ்பாரிங், அதுவும் பட்டால் வலிக்காத பலத்தில். இத்தனைக்கும் பல மாதம் ஆகும், ஆகட்டும்.

ஜோடியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். மூத்தவர், "தம்பி, கை இறங்குது" என்பார், இளையவரும், "அண்ணே, மூச்சு பிடிக்கிறீங்க, விடுங்க" என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். வயசுக்கு மரியாதை வேறு, தாடைக்குப் பாதுகாப்பு வேறு. நிலை கலைந்ததை யார் முதலில் பார்த்தாலும் கையைத் தூக்கி நிறுத்தலாம் என்று தொடங்கும் முன்னே பேசிக்கொள்ளுங்கள்.

கலைகிறது என்பதற்கு அடையாளம் என்னவென்றால்: வாய் திறக்கிறது. தோள் காது வரை ஏறுகிறது. பாதங்கள் ஒட்டுகின்றன. தடுப்பதற்குப் பதிலாகக் கையால் ஈ ஓட்டுவது நடக்கிறது. முதுகைக் காட்டித் திரும்புகிறோம், இது எல்லாவற்றிலும் ஆபத்தானது, பின்மண்டையிலும் கழுத்திலும் தெரியாமல் படும். கோபம் வருகிறது. கோபத்தையும் இதில்தான் சேர்க்கிறேன், கோபம் வந்தவர் மூச்சைப் பிடிப்பார், மூச்சைப் பிடித்தவர் தோளை ஏற்றுவார், மற்றதெல்லாம் வரிசையாக வரும். ஃபோனை ஓரமாக நிறுத்தி ஒரு ரவுண்டை வீடியோ எடுத்து, வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்தால் நீங்களே எண்ணலாம். வேண்டாதவர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சிலம்பத்திலிருந்து வருகிறவர்கள்

நம் பக்கத்தில் இவர்கள் நிறைய. சிலம்பக் காலடி பழகியவருக்கு நகர்வது பிரச்சினையே இல்லை, வெறும் கையோடு குத்துவரிசையும் பழகியிருந்தால் இன்னும் நல்லது. சிக்கல் தூரத்தில் வரும். கம்பின் நீளத்துக்குப் பழகிய கண், குத்து எட்டாத தொலைவிலேயே நிற்கும், அங்கிருந்து பாய்ந்து உள்ளே வரும்போது நிலை மொத்தமாகப் போகும். இன்னொன்று, கம்பு சுற்றும்போது இரண்டு கையும் உடம்பைவிட்டு வெளியே வேலை செய்யும், அந்தப் பழக்கத்தில் முழங்கைகள் விரிந்து விலா திறக்கும். மேலே சொன்ன முதல் படியை, கம்பு இல்லாமல், ஒரு கை நீட்டினால் எதிராளியின் கிளவுஸைத் தொடும் தூரத்தில் நிறையச் செய்தால் சரியாகும். கற்றதை மறக்கத் தேவையில்லை.

போட்டி

குங்ஃபூ பழகுகிறவர்கள் பெரும்பாலும் போகும் முழுத் தொடர்புச் சண்டை, சீனத் தற்காப்புக் கலைகளின் விளையாட்டு வடிவமான வுஷுவில் வரும் சாண்டா. வுஷு 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலிருந்து அங்கே இருக்கிறது. மணிப்பூரின் ரோஷிபினா தேவி 2018இல் வெண்கலமும், 2023இல் ஹாங்சோவில் நடந்த விளையாட்டில் 60 கிலோ பிரிவில் வெள்ளியும் வாங்கினார். 80 செண்டிமீட்டர் உயரமுள்ள எட்டு மீட்டர் சதுர மேடை, இரண்டு நிமிட ரவுண்டு மூன்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு, இரண்டு ரவுண்டு ஜெயித்தவர் வெற்றி. பின்மண்டை, கழுத்து, இடுப்புக்குக் கீழ் நடுப்பகுதி இவற்றில் அடிக்கக் கூடாது. மேடையிலிருந்து கீழே போனாலும் எதிராளிக்குப் புள்ளி. காலடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும், ஓரத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவர் அடி வாங்காமலே தோற்கலாம். நடுவர்கள் புள்ளி கொடுப்பது தெளிவாகப் பட்ட அடிக்கு, வீசி உரசியதற்கு இல்லை. போட்டி வீடியோக்களைப் பார்க்கும்போது நாக்அவுட்டை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்க்காமல், அடித்த பிறகு அவர்கள் கை எங்கே போகிறது, கால் எங்கே இறங்குகிறது என்று ஒரு ரவுண்டு முழுக்கப் பாருங்கள். முதல் வருஷம் போட்டிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தலையில் பட்டால்

தலையில் அடி பட்ட பிறகு தலைவலி, மயக்கம், குமட்டல், கண் மங்கல், குழப்பமான பேச்சு, என்ன நடந்தது என்று நினைவில்லாமை, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்று மறுபடி நிற்கக் கூடாது, மூளை குலுங்கியிருக்க நினைவு தப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக விடாதீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, நேராக அவசரப் பிரிவு, 108. டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது, முதல் அடி ஆறுவதற்குள் படுகிற இரண்டாவது அடிதான் மிகவும் மோசம்.

ஐப்பசி, கார்த்திகையில்

மழை பிடித்துக்கொண்டால் மைதானம் குளமாகும், வகுப்பு வாரக்கணக்கில் நடக்காது. அப்போது விட்டுவிடுகிறவர்கள்தான் தையில் வந்து புதிதாகத் தொடங்குகிறார்கள். வீட்டுக் கூடத்தில் இரண்டு பாய் விரிக்கிற இடம் இருந்தால் போதும். ஹார்ஸ் ஸ்டான்ஸில் ஒரு நிமிடம் நின்று, அதிலிருந்து இடதும் வலதுமாகப் போ ஸ்டான்ஸுக்கு மெதுவாக மாறுங்கள், முட்டி எங்கே பார்க்கிறது என்று குனிந்து பார்த்தபடி. அப்புறம் ஸ்பாரிங் நிலையில் கண்ணாடி முன் நின்று, ஒரு அடி முன்னே, ஒரு முன்கைக் குத்து, ஒரு அடி பின்னே. இடம் குறைவு என்பதால் அடி சிறிதாகத்தான் வைக்க முடியும், அது நல்லதுக்குத்தான். இரண்டு நிமிடம் செய்து ஒரு நிமிடம் நின்று மூன்று தடவை. கையில் சுற்றும் துணியை ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயப்போடுங்கள், கிளவுஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், இல்லாவிட்டால் அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து வீட்டில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள்.